ஆற்றைக் கடக்காத துண்டு

பஸ்காசியோ சாமியைப் பற்றி ரோமாபுரியில் சொல்வது எதையும் நம்பாதீர்கள். பாப்பரசர் அனுப்பிய அப்பத்தை வாங்கிக்கொண்டு, மறுநாளே முகத்தைத் திருப்பிக்கொண்டு போன நன்றிகெட்ட மனுஷன் என்கிறார்கள். மீன்தெருவில் சொல்கிறார்கள். பாப்பரசரின் லாத்தரான் அரண்மனை அடுக்களையில் சொல்கிறார்கள். என் சொந்த மருமகன் என் வீட்டில் உட்கார்ந்து என் பயற்றங்கஞ்சியைக் குடித்துக்கொண்டே சொல்கிறான். இத்தனை பேருக்கும் இந்தக் கதையை எடுத்துக் கொடுத்தவன் ஒருத்தன் இருக்கிறான். அவன் நான்தான்.

என் பெயர் உர்சோ. லாத்தரானில் பீடத்து ஊழியன். முப்பத்தொரு வருஷமாக அதே வேலை, அதே படி. கூட இருந்தவர்கள் தியாக்கோன் ஆனார்கள், குரு ஆனார்கள், ஒருத்தன் ஆயர் ஆகி நேப்பிள்ஸ் பக்கம் போய்விட்டான். மேலே ஏறச் சொல்லி இரண்டு முறை கேட்டார்கள். வேண்டாம் என்றேன். என்ன அடக்கம், என்ன பணிவு என்று ஊர் மெச்சியது. மண்ணாங்கட்டிப் பணிவு. ஏன் என்று கேட்டுவிட்டு அப்புறம் மெச்சுங்கள்.

எங்கள் வேலை இதுதான். ஞாயிற்றுக்கிழமை பாப்பரசர் பூசை வைக்கும்போது தாம் மந்திரித்த அப்பத்தைப் பிட்டு, மதிலுக்குள் இருக்கும் ஒவ்வொரு பங்குக் கோயிலுக்கும் ஒரு துண்டு அனுப்புவார். துணிப்பையில் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாங்கள் ஓட வேண்டும். அங்கே பூசை வைக்கும் குரு அந்தத் துண்டு வரும்வரை காத்திருந்து, அதைத் தன் கிண்ணத்தில் போட்ட பிறகுதான் சனங்களுக்கு நன்மை, அதாவது மந்திரித்த அப்பம், கொடுப்பார். நாங்கள் அதைப் புளிப்பு என்போம். ஒரு பிடி புளிப்பு தொட்டி மாவையும் ஒன்றாக்குகிற மாதிரி, ஊர் முழுக்க ஒரே பந்தி என்று அர்த்தம். துண்டு வந்தால் நீ நம்ம ஆள். வராவிட்டால் நீ யாரோ. மதிலுக்கு வெளியே இருக்கும் கல்லறைக் கோயில்களுக்கு மட்டும் அது போகாது. அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது என்பது பழைய கட்டளை.

பஸ்காசியோ சாமி ஆற்றுக்கு அப்பால் கிணற்றுக் கோயிலில் பங்குக் குரு. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையாக லாத்தரான் பாட்டுப் பள்ளியில் வளர்ந்தவர். பாட்டு வராது. தவளை கத்துகிற மாதிரி ஒரு குரல். ஆனாலும் பள்ளியை விட்டுத் துரத்தவில்லை, புத்தகம் சுமக்க ஆள் வேண்டுமே. அந்தப் பள்ளியில் அவருக்கு ஒரே ஒரு கூட்டாளி. குயில் குரல், குச்சி உடம்பு, சண்டை என்றால் பஸ்காசியோ முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற பயல். அந்தப் பயல்தான் பிற்பாடு பள்ளிக்கே வாத்தியார் ஆகி, ஐம்பத்திரண்டாவது வயதில் பாப்பரசர் ஆனார்.

ஆனது சுலபமாக இல்லை. இந்த ஊரில் பாப்பரசரைத் தேர்ந்தெடுப்பது என்றால் குருமார், படைவீரர், சனங்கள் எல்லோரும் ஒரே வாயாகக் கத்த வேண்டும். அந்த வருஷம் இரண்டு வாயாகக் கத்தினார்கள். ஒரு பக்கம் பாட்டு வாத்தியார். இன்னொரு பக்கம் களஞ்சியம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழட்டுக் குரு. பஞ்ச காலம். சிசிலியிலிருந்து வர வேண்டிய கோதுமைக் கப்பல் வரவில்லை. பஸ்காசியோ சாமி தன் கூட்டாளி பக்கம்தான் நிற்பார் என்று எல்லோரும் நினைத்தோம். மனுஷன் அரண்மனைப் படியில் ஏறி நின்று, அந்தத் தவளைக் குரலில் ஊரே கேட்கக் கத்தினார்.

"பாட்டு வாத்தியாருக்கு எதுக்குய்யா இராயப்பர் நாற்காலி? பசிச்சு வர்றவனுக்கு ஒரு சங்கீதம் பாடி அனுப்புவாரா? ரெண்டாவது தடவை வந்தா ரெண்டு சங்கீதமா?"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பாட்டு வாத்தியார் அங்கேயே நின்றிருந்தார். காது வரைக்கும் சிவந்துபோய், காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு முடிந்ததும் அடிதடி. என் அண்ணன் மவுரோ படகுக்காரன், என்னைப்போலவே பாட்டு வாத்தியார் கட்சி. அவன் கால்மேல் யாரோ ஒருத்தன் விட்டத்தைப் போட்டுவிட்டான். முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. போட்டவன் கிணற்றுக் கோயில் பங்கைச் சேர்ந்தவன் என்று பேச்சு. அண்ணன் அன்றைக்கு விட்ட துடுப்பைத் திரும்பப் பிடிக்கவே இல்லை.

கடைசியில் பாட்டு வாத்தியார்தான் ஜெயித்தார். ரவென்னாவில் இருக்கும் பேரரசரின் ஆளுநரிடமிருந்து ஒப்புதல் கடிதம் வர நாலு மாசம் ஆயிற்று. அதுவரை ஊரில் ஒரே கேள்விதான். பாப்பரசர் நாற்காலியில் உட்கார்ந்ததும் பஸ்காசியோவை என்ன செய்வார்? நாடு கடத்துவார் என்றான் ஒருத்தன். நாக்கை அறுப்பார் என்றான் இன்னொருத்தன். முதல் ஞாயிறு புளிப்பு ஆற்றைக் கடக்குதான்னு பாருங்க, அதுல தெரிஞ்சிடும் என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டியது. டைபர் ஆறு பாலத்தின் வளைவை எட்டிக்கொண்டிருந்தது. பூசையில் நான் பீடத்துக்குப் பக்கத்தில்தான் நின்றேன். புதுப் பாப்பரசர் துண்டுகளைத் தம் கையாலேயே பிட்டார். எல்லாம் கட்டைவிரல் நகம் அளவு. ஒன்று மட்டும் அதைப்போல இரண்டு மடங்கு. புதுசுதானே, கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய தியாக்கோன் பைகளைக் கொடுக்கும்போது என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"உர்சோ, ஆத்துக்கு அந்தாண்ட போறவங்கள்ல ஒருத்தன் காய்ச்சல்ல படுத்துட்டான். மீன்தெருவுல குடுத்துட்டு, கிணத்துக் கோயிலுக்கும் நீயே போயிடு."

"கிணத்துக் கோயிலுக்குமா?" என்றேன்.

"என்னடா திருப்பிக் கேக்கற? பட்டியல்ல இருக்குல்ல? போ, மழை வலுக்குது."

பட்டியல்ல இருக்குல்ல. அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் எவ்வளவு தூரம் நடந்தேன் தெரியுமா! பழைய பாப்பரசர் காலத்துப் பட்டியல் அது. யாரும் பெயரை அடிக்கவில்லை, அதனால் பை கட்டிவிட்டார்கள். இல்லாவிட்டால் அத்தனை பேர் நடுவில் மானத்தை வாங்கினவனுக்கு யாராவது துண்டு அனுப்புவார்களா? இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், பாப்பரசர் பயந்து பணிந்துவிட்டார் என்று ஊர் பேசும். என் எஜமானின் மானத்தை நான்தானே காப்பாற்ற வேண்டும்? இப்படியெல்லாம் யோசித்தேன். மீன்தெருவில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, பாலத்தடியில் ஒரு மண்டபத்தில் ஒதுங்கி நின்று யோசித்தேன்.

பொய் சொல்வானேன்? எஜமானின் மானம் பாதி. அண்ணன் கால் மீதி. வீட்டுத் தாழ்வாரத்தில் காலை நீட்டிக்கொண்டு, போகிற படகுகளையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருக்கிற அண்ணன். அந்தக் காலுக்குக் காரணமான ஆளுக்கு நான் ஈரத்தில் நடுங்கிக்கொண்டு அப்பம் சுமப்பதா? போதாக்குறைக்குப் பாலத்தில் கூட்டம் வேறு, வண்டி ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது.

பையை அவிழ்த்தேன். அந்தப் பெரிய துண்டு.

திருப்பிக் கொண்டுபோனால் ஏன் என்று கேட்பார்கள். ஆற்றில் போட முடியாது, திருவப்பம் அது, அதற்குக்கூடத் துணிச்சல் வேண்டும். கிழக்கே திரும்பிச் சிலுவை போட்டுக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டேன். நன்மை வாங்குகிற மாதிரியே, கண்ணை மூடிக்கொண்டு, பக்தியாக. ஒரு மனுஷனுக்கு அனுப்பின மன்னிப்பை நான் தின்றேன். அப்போது எனக்கு அது தெரியாது என்று சொல்லலாம்தான். தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்பதுதான் சரி.

வீட்டுக்குப் போய்க் கால் காயவைத்துக்கொண்டிருந்தபோது என் பெண்டாட்டி போனோசா வெளியிலிருந்து ஓடி வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன்யா, சங்கதி தெரியுமா? கிணத்துக் கோயில்ல இன்னும் பூசை முடியலையாம். சாமி அப்பத்தைப் பிட்டு வச்சுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறாராம். பொம்பளைங்க புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்களாம். புளிப்பு வரலையாம்யா!"

"வரலன்னா வரல. எனக்கென்ன?" என்றேன்.

"உனக்கென்னவா? நீதானே இன்னிக்கு அந்தப் பக்கம் போனே?"

"மீன்தெருவுக்குப் போனேன். நீ போய் அடுப்பைப் பாரு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தலையைப் பிழிந்துகொண்டே அடுப்படிக்குப் போனாள்.

பிற்பாடு அந்தப் பங்கு ஆட்கள் சொல்லித்தான் முழுசும் தெரியும். மதியம் போய்ப் பொழுது சாய்கிற நேரம் வரைக்கும் அவர் பீடத்தில் நின்றிருக்கிறார். உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. பிறகு சனங்கள் பக்கம் திரும்பி, "எனக்கு வரல. எனக்கே இல்லாதப்ப உங்களுக்கு நான் குடுக்க முடியாது. அடுத்த தெருக் கோயிலுக்குப் போங்க, அங்க வந்திருக்கும்" என்றிருக்கிறார். ஒரு கிழவி அழுதிருக்கிறாள். "அழாத ஆத்தா, நான் பேசின பேச்சுக்கு இது கம்மிதான்" என்றாராம். திங்கட்கிழமை காலையில் கோயில் சாவியைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்துவிட்டு, ஒரு போர்வையோடு மதிலைத் தாண்டி வெளியே போய்விட்டார். ஆப்பியச் சாலையில் பழைய கல்லறைக் கோயில் ஒன்று, கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. அங்கே போய் உட்கார்ந்துகொண்டார். புளிப்பு வராத இடம். வராதா என்று எதிர்பார்க்கவும் வேண்டியதில்லை.

புதன்கிழமை பாப்பரசர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். பெரிய தியாக்கோனும் கூட நின்றார். பாப்பரசர் தூங்காதவர் மாதிரி இருந்தார்.

"உர்சோ, ஞாயித்துக்கிழமை நான் குடுத்ததைக் கொண்டுபோனியா?"

"கொண்டுபோனேன் ஆண்டவரே."

"வாங்கிக்கிட்டானா?"

"நான் தின்றுவிட்டேன் ஆண்டவரே" என்று சொல்ல எத்தனை நேரமாகும்? ஒரு மூச்சு. ஆனால் அதைச் சொன்னால் ஊழியம் போகும், அண்ணனும் பெண்டாட்டியும் என்னை நம்பித்தான் இருக்கிறார்கள். நாக்கு தானாகவே புரண்டது.

"வாங்கிக்கிட்டார் ஆண்டவரே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வாங்கிக்கிட்டும் போயிட்டான்" என்றார். "சரி. அவனுக்கு அவ்வளவு கோபம்னா நான் என்ன பண்ணட்டும்?" பெரிய தியாக்கோன் அதை அன்றைக்கே அடுக்களையில் சொன்னார், அடுக்களை ஊருக்குச் சொன்னது. துண்டு வரவே இல்லை என்று கிணற்றுக் கோயில் சனங்கள் சொன்னதை, தங்கள் சாமிக்குப் பரிந்து பேசுகிறார்கள் என்று தள்ளிவிட்டார்கள்.

நடந்தது அவ்வளவுதான். கொலை இல்லை, கொள்ளை இல்லை. ஒரு துண்டு, ஒரு பொய்.

அந்தப் பாப்பரசர் ஏழு வருஷம் இருந்தார். பாட்டுப் பாடியா பசி தீர்ப்பார் என்று கேட்டார்களே, முதல் குளிர்காலத்திலேயே களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். தினமும் பன்னிரண்டு ஏழைகளைத் தம் பந்தியில் உட்காரவைத்து, அவர்கள் தின்கிற ரொட்டியையே தின்றார். ரொட்டியில் தவிடு அதிகம் என்று அடுமனைக்காரனை ஒருநாள் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். கொள்ளைநோய் வந்தபோது வெறுங்காலோடு தெருத்தெருவாகப் பவனி போனார். கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து பேரரசரின் மிரட்டல் கடிதம் வந்தால் அதைப் பாட்டு ராகத்தில் படித்துக்காட்டி எங்களையெல்லாம் சிரிக்கவைப்பார். நல்ல மனுஷன். கிணற்றுக் கோயிலுக்கு வேறு குருவைப் போட்டார். பஸ்காசியோ என்ற பேரை மட்டும் அவர் வாயால் நான் கேட்டதில்லை.

நான் என்ன செய்தேன்? மாசம் ஒருமுறை ஆப்பியச் சாலைக்குப் போக ஆரம்பித்தேன். முதல் தடவை உண்மையைச் சொல்லத்தான் போனேன், சத்தியமாக. கையில் கொஞ்சம் அவரைக்காயும் ஒரு பன்றிக்கொழுப்புத் துண்டும். அவர் ஆடுகளுக்கு நடுவில் நின்று புதுக் குழி ஒன்று வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அட, லாத்தரான்லேர்ந்து ஒருத்தன்! உள்ள வாப்பா. என்னைத் தேடி ஒருத்தன் வந்திருக்கியே!"

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வேன்? அவரைக்காயைக் கொடுத்தேன். அவர் புளித்த திராட்சைரசம் கொடுத்தார். திரும்பி வந்தேன். அடுத்த மாசமும் அப்படியே. அதற்கடுத்த மாசமும்.

"மாசாமாசம் யாருக்குய்யா இந்த அவரைக்காயும் கொழுப்பும்?" என்றாள் போனோசா. "கல்லறையில எவளையாவது வச்சிருக்கியா?"

"இருந்தா உனக்கென்ன வருத்தம்? சத்தம் போட மாட்டா," என்றேன். சிரித்துச் சமாளித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே கசந்தது.

மூன்றாம் வருஷம் என்று நினைக்கிறேன். நான் கொண்டுபோன ரொட்டியை அவர் இரண்டாகப் பிட்டபோது ஒரு பாதி பெரிதாகப் போய்விட்டது. பெரியதை என் பக்கம் தள்ளிவிட்டு, தனக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

"பள்ளிக்கூடத்துல ரெண்டு பேருக்கு ஒரு ரொட்டிதான். ஒருத்தன் பிட்கணும், இன்னொருத்தன் எடுத்துக்கணும். மத்த பயலுங்கல்லாம் நூல் புடிச்ச மாதிரி பிட்பானுங்க. இவன் இருக்கானே, உங்க ஆண்டவரு, வேணும்னே ஒரு பக்கம் பெரிசா பிட்டுட்டு, அதை என் பக்கம் தள்ளுவான். கேட்டா, கை நடுங்கிருச்சும்பான். எட்டு வருஷமும் கை நடுங்குச்சு அவனுக்கு."

வாய்க்குக் கொண்டுபோன ரொட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அவன் நல்லாத்தான் ஆளறான்னு கேள்விப்பட்டேன்," என்றார். "களஞ்சியத்தைத் திறந்தானாமே. நான்தான் தப்பா பேசிட்டேன் உர்சோ. அன்னிக்கு மட்டும் துண்டு வந்திருந்தா, அன்னிக்கே போய் அவன் கால்ல விழுந்திருப்பேன். ஆனா அனுப்பலையே. அனுப்பாதவன் வாசல்ல போய் எப்படி நிக்கிறது? என்னைப் பாத்தா அவனுக்கு அந்தச் சிரிப்புத்தானே காதுல கேக்கும்?"

அப்போதாவது சொன்னேனா? இல்லை. ஆட்டுக்குட்டி ஒன்று இருமுகிறதே என்று பேச்சை மாற்றினேன். வரும் வழியில் சாலையோரம் உட்கார்ந்து அழுதேன். அழுகை என்ன பெரிய காரியம், வெங்காயம் உரித்தாலும் வரும். அதற்குப் பிறகும் நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மேலே ஏறச் சொல்லி அவர்கள் கேட்டது அந்த வருஷங்களில்தான்.

ஏழாம் வருஷம் ஆவணி வெயிலில் பாப்பரசருக்குச் சதுப்புநிலக் காய்ச்சல் வந்தது. விசிறி வீசுகிற முறை எனக்கு. ஒரு சாயங்காலம் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"உர்சோ. பஸ்காசியோ இன்னும் கோபமாத்தான் இருக்கானா?"

நான் மாசாமாசம் போவது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் தெரிந்தே பேசாமல் இருந்திருக்கிறார்.

பெரிய தியாக்கோன் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். விசிறி என் கையில் நின்றுவிட்டது. இப்போது சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. "தெரியலையே ஆண்டவரே," என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

விடிந்ததும் விடியாததுமாக ஆப்பியச் சாலைக்கு ஓடினேன். பாப்பரசரிடம் சொன்னால் பிழைப்பில் மண். பஸ்காசியோ சாமி என்ன செய்துவிடுவார், இரண்டு அறை விடுவார், அவ்வளவுதானே? அவரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும், நான் வாயைத் திறக்கவே வேண்டாம் என்று அந்த ஓட்டத்திலும் என் புத்தி கணக்குப் போட்டது. அது அப்பேர்ப்பட்ட புத்தி.

அவர் ஆடு கறந்துகொண்டிருந்தார். காலில் ஆறாத புண், துணி சுற்றியிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். மழை, பாலம், பட்டியல், அண்ணன் கால், வாயில் போட்டது, பாப்பரசர் கேட்ட இரண்டு கேள்வி, நான் சொன்ன இரண்டு பதில்.

அவர் கறப்பதை நிறுத்தவில்லை. பாத்திரம் நிரம்பி வழிந்தது. பிறகுதான் நிறுத்தினார்.

"அனுப்பினானா?" என்றார்.

"அனுப்பினார் சாமி."

"அவனே பிட்டானா?"

"அவர் கையாலயே."

"எவ்வளவு பெரிசு?"

கட்டைவிரலை முதல் கணு வரைக்கும் காட்டினேன்.

"மத்த கோயிலுக்குப் போனது?"

"அதுல பாதி சாமி. நான் கை நடுங்குதுன்னு நெனச்சேன்."

அவர் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆடு அவரைத் திரும்பிப் பார்த்தது. பிறகு பாத்திரத்தைத் தூக்கி என்மேல் எறிந்தார்.

"ஏழு வருஷம்டா! ஏழு வருஷம் என் முன்னாடி உக்காந்து தின்னியே, பாவி! அவரைக்கா கொண்டாந்தியே! போடா. என் கண்ணு முன்னால நிக்காத."

போனேன். பால் சொட்டச் சொட்டச் சாலை வரைக்கும் போனேன். பின்னாலிருந்து அந்தத் தவளைக் குரல் கூப்பிட்டது.

"டேய், நில்லு! அவனுக்கு எப்படி இருக்கு?"

"நாள் எண்ணிக்கிட்டிருக்காங்க சாமி. நீங்க வந்துடுங்க, வண்டி புடிக்கிறேன்."

"நான் பேசினதுக்கு நான் சும்மா கையை வீசிக்கிட்டுப் போகக் கூடாது," என்றார். உள்ளே போய் அன்றைக்குச் சுட்ட பார்லி ரொட்டி ஒன்றை எடுத்து வந்தார். அதன்மேல் சிலுவை வரைந்து மந்திரித்து, தோளில் கிடந்த துணியில் முடிந்தார். குருமார் சமாதானத்துக்கு ஒருவருக்கொருவர் இப்படி ரொட்டி அனுப்புவது வழக்கம். வாங்கிக்கொண்டால் சமாதானம் என்று அர்த்தம். "இதை அவன் கையில குடு. நடந்ததைச் சொல்லு. அவன் வாங்கிக்கிட்டா ஓடி வந்து சொல்லு, நான் தவழ்ந்தாவது வந்து சேர்றேன்."

முடிச்சை என் கையில் வைத்து, கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"வழியில தின்னுடாத," என்றார்.

ஓடினேன். என் வயதுக்கு அப்படி ஓடினால் மாரடைக்கும், அடைக்கட்டும் என்று ஓடினேன். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். பெரிய தியாக்கோன் இருந்தாலும் சரி, ஊரே நின்றாலும் சரி. அரண்மனைப் படியில் கால் வைத்தபோது மேலே பாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் குரல் கேட்டது. செத்தவர்களுக்குப் பாடுகிற சங்கீதம்.

உள்ளே குளிப்பாட்டி உடுத்திக்கொண்டிருந்தார்கள். சூரியன் உதித்துக் கொஞ்ச நேரத்துக்குள் போயிருக்கிறார். நான் ஆப்பியச் சாலையில் என் பிழைப்பைப் பற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரம். முந்தின சாயங்காலம் விசிறியோடு நின்றபோதே சொல்லியிருந்தால் போதும். ஒரு மூச்சு.

பெரிய தியாக்கோன் என் கையைப் பார்த்தார். "என்னடா அது?"

"பஸ்காசியோ சாமி அனுப்பினது."

"இப்பவா? உயிரோட இருந்தப்ப ஏழு வருஷம் எட்டிப் பாக்கல, மூச்சு நின்னப்புறம் ரொட்டி அனுப்பறாரா? அந்தாளுக்கு நேரம் பாத்துக் குத்தத் தெரியுதுய்யா!"

சுற்றி நின்றவர்கள் ச்சே ச்சே என்றார்கள். சொல்ல வேண்டிய வாய் அப்போதும் என்னுடையதுதான். திறந்தேன். மூடிக்கொண்டேன். கட்டிலில் கிடந்தவரின் வலது கை அகல விரிந்து கிடந்தது, வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிற மாதிரி. அதைப் பார்த்துவிட்டு ரொட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஊர் இன்றைக்கு வரைக்கும் பேசுகிற கதையின் இரண்டாம் பாதி அந்த இடத்தில் பிறந்தது. அதற்கும் நான்தான் தகப்பன்.

திரும்பிப் போனபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பஸ்காசியோ சாமி ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு சாலைக்கே வந்து நின்றிருந்தார். முகம் கழுவி, மேலங்கி மாற்றி, காலில் புதுத் துணி சுற்றியிருந்தார். தூரத்திலேயே கேட்டார்.

"கொண்டுபோனியா?"

"கொண்டுபோனேன் சாமி."

"வாங்கிக்கிட்டானா?"

அதே இரண்டு கேள்வி. அதே வரிசை. வாங்கிக்கொண்டார் என்று சொல்லிவிடலாம். இந்தத் தடவை அது புண்ணியமான பொய்கூட. சிரித்துக்கொண்டே வாங்கினார், கை நடுங்கியது என்று சேர்த்துச் சொன்னால் அவர் மிச்ச நாளை நிம்மதியாகக் கழிப்பார். ரொட்டியை என் மேலங்கிக்குள் மறைத்துவிட்டால் போதும், வழியில் தின்று தீர்த்துவிடலாம். அது எனக்குப் பழக்கம்தான்.

"இல்ல சாமி," என்றேன். "நான் போறதுக்கு முன்னாடியே போயிட்டார்." ரொட்டியை நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொண்டார். சாலையோரக் கல்லறைக் கல் ஒன்றின்மேல் மெதுவாக உட்கார்ந்தார். முடிச்சை அவிழ்த்து ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பிட்டார். ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது. பெரியதைப் பக்கத்தில் வெறுங்கல்லின்மேல் வைத்தார். சிறியதைத் தின்றார், ஒரு துணுக்கு விடாமல், ரொம்ப நேரம் மென்று.

தின்று முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"அடுத்த மாசம் வர்றப்ப உப்பு கொண்டா," என்றார். "ஆட்டுக்கு வேணும்."

மேலும் இரண்டு வருஷம் இருந்தார். நானும் மாசாமாசம் போனேன், உப்போடும் அவரையோடும். பேசினார், சிரித்தார், என் அண்ணனை விசாரித்தார். ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் என் முன்னால் ரொட்டி பிட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. என் பங்கைத்தான் பாலத்தடியிலேயே தின்றுவிட்டேனே.